சிறிய தோட்ட டிராக்டரில் பெட்ரோல் பம்ப் மாற்றுவது எப்படி?

ஓணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, நேந்திரன் குலைகளை ஏற்றிய டிரெய்லரோடு மாமாவின் சிறிய டிராக்டர் விளையின் (தோட்டத்தின்) நடுவில் நின்றுவிட்டது. ஐந்து நிமிடம் ஓடும், திணறும், நிற்கும். ஆறவிட்டால் மறுபடி ஓடும். பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குத் தரும் கார்புரேட்டர் போய்விட்டது என்று ஒரு பட்டறையில் சொன்னார்கள். அதை மாற்றியும் திணறல் போகவில்லை. கோளாறு உள்ளங்கை அளவுகூட இல்லாத பெட்ரோல் பம்பில் இருந்தது. உள்ளே டயாபிரம் என்ற மெல்லிய சவ்வு கிழிந்து, இன்ஜின் ஆயிலில் பெட்ரோல் கலந்திருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. புதிய பம்ப் போட்டு அதே ஆயிலில் ஓட்டியதால், சில நாட்களில் பேரிங் தேய்ந்து இன்ஜினையே பிரிக்க வேண்டியதாயிற்று. இன்னொருவருக்கு அந்த நஷ்டம் வரக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் உங்கள் வண்டியில் பம்ப் இருக்கிறதா என்று பாருங்கள். இன்ஜினுக்கு மேலேயே டேங்க் இருக்கும் சிறிய பெட்ரோல் உழவு இயந்திரங்களில் பெட்ரோல் தானாகவே கீழே இறங்கும், பம்ப் தேவைப்படாது. இருக்கைக்கு அடியில், தாழ்வாக டேங்க் வைத்த வண்டிகளுக்குத்தான் பம்ப் வேண்டும். டீசல் இன்ஜினின் பம்ப் முற்றிலும் வேறு. இந்த முறை அதற்குப் பொருந்தாது. மின்சாரத்தில் இயங்கும் பம்பும் சில வண்டிகளில் உண்டு, அதையும் இங்கே விட்டுவிடுகிறேன்.

பம்ப் வேலை செய்யும் விதம்

இந்த பம்பில் மூன்று குழாய் முனைகள் இருக்கும். ஒன்று டேங்கிலிருந்து வருவது, இன்னொன்று கார்புரேட்டருக்குப் போவது, மூன்றாவது இன்ஜினின் கிராங்க் கேஸோடு, அதாவது பிஸ்டனுக்குக் கீழே ஆயில் இருக்கும் அறையோடு, சேர்வது. பிஸ்டன் மேலே போகும்போது கிராங்க் கேஸில் உறிஞ்சல் உண்டாகிறது, கீழே வரும்போது அழுத்தம் உண்டாகிறது. இந்த இரண்டும் மூன்றாவது டியூப் வழியாக வந்து, பம்புக்குள் இருக்கும் மெல்லிய டயாபிரத்தை முன்னும் பின்னும் அசைக்கின்றன. அந்த அசைவில் பெட்ரோல் ஒரு பக்கம் இழுக்கப்பட்டு மறுபக்கம் தள்ளப்படுகிறது. டயாபிரம் கிழிந்தால் என்ன ஆகும்? அதே உறிஞ்சல் பெட்ரோலை நேராக கிராங்க் கேஸுக்குள் இழுத்து, ஆயிலில் கலந்துவிடும். மாமாவின் வண்டியில் நடந்தது இதுதான்.

இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். பழைய ரப்பர் பாகங்களை அது கெடுக்கும், ஈரத்தையும் இழுக்கும். ஆண்டுக்கு இரண்டு பருவமழை பெய்யும் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில், பாதி டேங்க் பெட்ரோலோடு மாதக்கணக்கில் வண்டியை நிறுத்தி வைக்காதீர்கள்.

பம்ப்தான் கெட்டதா?

டேங்க் மூடியைச் சற்றுத் தளர்த்திவிட்டு ஓட்டிப் பாருங்கள். திணறல் நின்றுவிட்டால், மூடியில் இருக்கும் காற்றுத் துளைதான் அடைத்திருக்கிறது. அடுத்து ஃபில்டரைப் பாருங்கள், கறுத்திருந்தால் மாற்றுங்கள்.

அதற்கும் சரியாகவில்லை என்றால் இன்ஜினை நன்றாக ஆறவிடுங்கள். வேலையைத் திறந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் பீடியோ விளக்கோ அடுப்போ கூடாது. ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிப் பக்கம் மண்ணை அள்ளி வீசும் காற்றில் பெட்ரோல் டியூபைத் திறக்காதீர்கள், காற்று அடங்கும் காலை நேரம் நல்லது. ஸ்பார்க் பிளக் ஒயரைக் கழற்றி, அதன் நுனி இன்ஜினின் உலோகத்தைத் தொடும்படி, பெட்ரோல் டியூபிலிருந்து விலக்கிக் கட்டிவிடுங்கள்.

கார்புரேட்டருக்குப் போகும் டியூபைக் கழற்றி அதன் முனையை ஒரு பாட்டிலுக்குள் விட்டு, இன்ஜினைச் சில நொடிகள் சுழற்றுங்கள். பெட்ரோல் விட்டு விட்டுப் பீய்ச்சினால் பம்ப் நலமாக இருக்கிறது. துளிகூட வராமலோ சொட்டுச் சொட்டாகவோ வந்தால் பம்பைச் சந்தேகிக்கலாம். பிறகு கிராங்க் கேஸிலிருந்து வரும் டியூபை பம்பிலிருந்து உருவிப் பாருங்கள். அதற்குள் பெட்ரோல் ஈரம் இருந்தால் சந்தேகமே வேண்டாம், டயாபிரம் கிழிந்துவிட்டது.

மாற்றும் முறை

நாகர்கோவிலுக்கோ மார்த்தாண்டத்துக்கோ உதிரிபாகம் வாங்கப் போகும்போது, பழைய பம்பையும் இன்ஜின் மாடல் எண்ணின் புகைப்படத்தையும் கொண்டு போங்கள். கழற்றுவதற்கு முன்பே மூன்று டியூபுகளும் எப்படிப் போகின்றன என்று கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் தவறு செய்வது டியூப்களை மாற்றிப் பொருத்துவதில்தான்.

டேங்கின் குழாயை மூடுங்கள். குழாய் இல்லையென்றால் டியூபை மெதுவாக மடித்து கிளிப் போடுங்கள். பம்ப் முனைகளில் இருக்கும் கிளிப்புகளைக் குறடால் நகர்த்தி, டியூபை முறுக்கிக்கொண்டே உருவுங்கள். நேராக இழுத்தால் பிளாஸ்டிக் முனை ஒடிந்துவிடும். இரண்டு திருகுகளைக் கழற்றினால் பம்ப் கையோடு வந்துவிடும்.

டியூபின் முனை வெடித்திருந்தால் மூன்றையும் மாற்றிவிடுங்கள். பெரும்பாலும் உள்விட்டம் 6 மி.மீ. அளவில் இருக்கும், இருந்தாலும் பழைய டியூபின் துண்டைக் காட்டியே வாங்குங்கள். பெட்ரோலுக்கென்று செய்த டியூப்தான் வேண்டும். மருந்து தெளிப்பானின் டியூபையோ கொத்தனாரின் லெவல் டியூபையோ வெட்டிப் போடுவதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். சில வாரங்களில் அது விறைத்து வெடிக்கும்; சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் ஒழுகும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

புதிய பம்பில் பெட்ரோல் போகும் திசையை அம்புக்குறி காட்டும். அதன்படி பம்பை வைத்து டியூப்களை மாட்டி, கிளிப்புகளையும் திருகுகளையும் பொருத்துங்கள். பிளாஸ்டிக் உடல் என்பதால் கெட்டியாகப் பிடித்தால் போதும், மேலும் இறுக்கினால் விரிசல் விழும். மூன்றாவது டியூப் மடங்கவோ நசுங்கவோ கூடாது. சிறிது காற்று கசிந்தாலும் பம்ப் இழுக்காது.

ஸ்டார்ட் செய்வதற்கு முன்

ஆயில் குச்சியை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுங்கள். ஆயில் மேல் கோட்டைத் தாண்டியிருந்தாலோ, தண்ணீர்போல ஓடினாலோ, பெட்ரோல் வாசனை அடித்தாலோ, இன்ஜினை ஒரு நிமிடம்கூட ஓட்டாதீர்கள். பெட்ரோல் கலந்த ஆயிலுக்கு வழுவழுப்பு இருக்காது, உலோகத்தோடு உலோகம் உரசும். முழுவதையும் வடித்துவிட்டு, வண்டியின் கையேட்டில் சொன்ன ரகத்தில் புதிய ஆயில் ஊற்றுங்கள். ஒற்றை சிலிண்டர் இன்ஜினுக்குப் பெரும்பாலும் ஒன்றரை லிட்டருக்குள் முடிந்துவிடும். வடித்த ஆயிலை சானல் (பாசன வாய்க்கால்) கரையில் ஊற்றாதீர்கள். அந்தத் தண்ணீர்தான் ஏலாவுக்கு (வயல்வெளிக்கு) பாய்கிறது. டப்பாவில் அடைத்து, பழைய ஆயில் எடுக்கும் பட்டறையில் கொடுங்கள்.

இனி டேங்க் குழாயைத் திறந்து, எல்லா இணைப்புகளையும் விரலால் தடவிப் பாருங்கள். கசிவு இல்லையென்றால் பிளக் ஒயரை மாட்டி ஸ்டார்ட் செய்யலாம். காலி டியூபில் பெட்ரோல் ஏறச் சற்று நேரமாகும். ஐந்து நொடி சுழற்றி, அரை நிமிடம் விட்டு, மறுபடி சுழற்றுங்கள். பத்து நிமிடம் ஓடிய பிறகு சுமையோடு மேட்டில் ஏற்றிப் பாருங்கள்.

மறுநாள் காலை ஆயில் அளவை இன்னொரு முறை பாருங்கள். புதிய பம்ப் போட்ட பிறகும் அளவு ஏறியிருந்தால், கார்புரேட்டரின் மிதவை ஊசி சரியாக மூடாமல் பெட்ரோல் கசிகிறது. வண்டியை நிறுத்திவிட்டு அதைக் கவனியுங்கள்.