புள்ளி தெரிகிறதா? வீட்டு ரீவியில் படத்தைச் சரி செய்யும் முறை

மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டுக்கு 43 அங்குல 4கே ரீவி வந்து நாலாம் நாள். பாயில் இருந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்த பெரியம்மா கேட்டார்: "என்ன மனே, வாசிக்கிற புள்ளைக்குக் காய்ச்சலா? மூஞ்சி செவந்து கிடக்கு."

அதற்குப் பிறகுதான் கிட்டப் போய்ப் பார்த்தேன். முகம் மட்டுமில்லை, கீழே ஓடும் செய்தி வரியும் சரியில்லை. 'ரு' வந்தால் அடி வெட்டுப்பட்டு 'ர' போல நின்றது. 'த்', 'க்' எல்லாம் மேலே உள்ள புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தன. எல்லாவற்றையும் திருத்த எனக்கு மூன்று நாள் பிடித்தது. தெரிந்திருந்தால் அரை மணித்தியால வேலை. அந்த எழுத்து வரியையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்.

வயரும் பெட்டியும்

ரீவிக்குப் பின்னால் பாருங்கள். டிஷ் பெட்டியிலிருந்து மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று தலை வயர் வருகிறதா? அப்படியென்றால் ரிமோட்டைத் தொட முதல் அதைக் கழற்றிவிட்டு எச்.டி.எம்.ஐ. வயர் போடுங்கள். படம் முழுவதும் அந்த மஞ்சள் தலை ஒன்றின் வழியாகத்தான் வருகிறது. எச்.டி. படத்தை அது தாங்காது. கடற்கரைப் பக்கம் இருக்கிற எங்களுக்கு இன்னொரு கரைச்சல், உப்புக் காற்றில் அந்தத் தலைகள் பச்சை பிடித்துவிடும்.

எச்.டி.எம்.ஐ. வயரில் விலை கூடியதைத் தேட வேண்டாம். நல்ல வயர் என்றால் படம் முழுதாக வரும். பழுது என்றால் வெட்டி வெட்டி வரும், அல்லது வராமலே போகும். டிஷ் பெட்டிக்கு இரண்டு மீற்றர் சாதாரண வயர் போதும்.

அப்புறம் பெட்டியின் மெனுவுக்குள் போய், வெளியே அனுப்பும் படத்தின் அளவை (படத்தில் எத்தனை வரி என்பதை) 1080க்கு மாற்றுங்கள். எங்கள் பெட்டியைப் பூட்ட வந்தவர் 576இலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார். நான் புது வயர் போட்டும் பழைய படமே வந்ததற்கு அதுதான் காரணம்.

வெட்டுப்பட்ட ஓரம்

பழைய குழாய் ரீவிகளில் படத்தின் ஓரம் ஒழுங்காக வராது. அதனால் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி ஓரத்தைச் சட்டத்துக்குள் மறைத்துவிடுவார்கள். இன்றைய தட்டை ரீவிகளிலும் அந்த வழக்கம் பலவற்றில் மிச்சமிருக்கிறது. ஓரம் வெட்டுப்படுவது மட்டுமில்லை, படத்தை இழுத்துப் பெரிதாக்குவதால் சின்ன எழுத்தெல்லாம் மங்கும். படத்தின் அளவை மாற்றும் இடத்தில், எல்ஜி என்றால் 'ஜஸ்ட் ஸ்கேன்', சாம்சங் என்றால் 'ஃபிட் டு ஸ்க்ரீன்', சோனி என்றால் 'ஃபுல் பிக்சல்'. போட்டவுடன் எங்கள் வீட்டில் 'ரு'வுக்கு அடி வந்துவிட்டது.

பிக்சர் மோட்

'விவிட்', 'டைனமிக்' இரண்டும் கடை வெளிச்சத்தில் ஆளை இழுப்பதற்கு. வீட்டுக்கு 'மூவி' அல்லது 'சினிமா'. 'ஃபிலிம்மேக்கர்' இருந்தால் அதுதான் என் முதல் தெரிவு. இந்த மோட்களில் வெள்ளை நிறம் 6500 கெல்வினுக்கு (வெள்ளையில் மஞ்சள் கூடவா, நீலம் கூடவா என்று சொல்லும் அளவு) கிட்ட வரும். படத்தை நிறம் பார்த்துத் திருத்துகிறவர்கள் வைத்துக்கொள்ளும் அளவும் அதுதான். முதல் நாள் எல்லாம் மஞ்சளாகத் தெரியும். இரண்டு நாள் பொறுங்கள், கண் பழகிவிடும். அதற்குப் பிறகு பழைய மோடைப் போட்டால் நீலமாகத் தெரியும்.

நான் மாட்டிய இடம்

இதையெல்லாம் இரவில் யூரியூப் ஓடவிட்டு மாற்றினேன். படம் அருமை. காலையில் பெரியம்மா டிஷ்ஷைப் போட்டார், அதே சிவந்த முகம். ரீவி மறந்துவிட்டது என்று நினைத்துத் திரும்பவும் மாற்றினேன். அடுத்த நாளும் அதே கதை. ரீவியையே தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுபோய் முதலிலிருந்து தொடங்கினேன், அதற்கும் பலனில்லை.

ரீவி எதையும் மறக்கவில்லை. பல ரீவிகள் ஒவ்வொரு இணைப்புக்கும் படக் கணக்கை, அதாவது மோட், பிரைட்னஸ் போன்ற அளவுகளை, தனித்தனியாக வைத்துக்கொள்கின்றன. யூரியூப்பில் மாற்றியது யூரியூப்புக்கு, டிஷ் பெட்டி பூட்டிய எச்.டி.எம்.ஐ. 1க்கு வேறு கணக்கு. ஆகவே எந்த இணைப்பில் பார்க்கப் போகிறீர்களோ அதில் நின்று மாற்றுங்கள். எல்லா இணைப்புக்கும் சேர்த்துப் போடும் வசதி மெனுவின் அடியில் இருந்தால் அதை அமத்துங்கள். எச்.டி.ஆர். என்று வரும், வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் வித்தியாசம் கூடிய படத்துக்கும் கணக்கு வேறு. அப்படியான படம் ஓடும்போதே மெனுவைத் திறந்து பார்க்க வேண்டும்.

கண்ணால் திருத்துதல்

உங்களுக்கு நேரில் தெரிந்த ஒன்றின் படத்தை ஓடவிடுங்கள். மாமாங்கத்து ஆடி அமாவாசைத் தீர்த்தத்தில் மச்சான் தன் போனில் எடுத்த வீடியோவை நான் பென் டிரைவில் போட்டு, அது ஓடும் கணக்கில் அளவுகளைப் பிடித்தேன். பிறகு அதே இலக்கங்களை டிஷ் இணைப்பிலும் போட்டேன். வெள்ளை வேட்டியின் மடிப்பு அழிந்து ஒரே வெள்ளையாகத் தெரிந்தால் கொன்ட்ராஸ்டைக் குறையுங்கள். நனைந்த தலைமுடி ஒரே கறுப்புக் கட்டியாகத் தெரிந்தால் பிரைட்னஸை ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள், முடி சாம்பல் நிறமாகத் தொடங்கினால் ஒரு படி திரும்பி வாருங்கள். பிரைட்னஸ் கறுப்புக்கு, திரைக்குப் பின்னால் எரியும் விளக்கான பேக்லைட்தான் வெளிச்சத்துக்கு. சோனியில் பெயர் மாறி வரும்: அங்கே பிரைட்னஸ் என்பதே பேக்லைட், கறுப்புக்கு 'பிளாக் லெவல்'.

ஷார்ப்னஸுக்குத் திரும்பவும் செய்தி வரி. கூட்டி வைத்தால் எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு ஒன்று ஒளிவட்டம் போல வரும், அது புள்ளிக்கும் எழுத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளியை நிரப்பிவிடும். அந்தக் கோடு போகும் வரைக்கும் குறையுங்கள். பெரும்பாலும் பூச்சியத்துக்குக் கிட்ட வந்து நிற்கும். சோனியில் 50தான் நடு, அதற்குக் கீழே போகாதீர்கள்.

சினிமாப் படம் நாடகம் போல வழுக்கிக்கொண்டு ஓடினால், செக்கனுக்கு 24 சட்டங்களாக (ஃப்ரேம்) எடுத்த படத்துக்கு ரீவி தானாக நடுச் சட்டங்களை இட்டுக்கட்டுகிறது என்று அர்த்தம். எல்ஜியில் 'ட்ரூமோஷன்', சோனியில் 'மோஷன்ஃப்ளோ'. நிறுத்திவிடுங்கள். கிரிக்கெட்டுக்கு வேண்டுமென்றால் கொஞ்சம் வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் ஹோல் வாசல் கிழக்குப் பார்த்தது. காலை வெயில் நேரே திரையில் விழும். ரீவியைப் பக்கத்துச் சுவருக்கு மாற்றி, ஓரடி கீழேயும் இறக்கினோம். பாயில் இருந்து நிமிர்ந்து பார்த்தால் சில திரைகளில் நிறம் வெளுத்துப் போகும்.

பின்சேர்க்கை

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருந்தார், 'ஜஸ்ட் ஸ்கேன்' மங்கலாகக் கிடக்கிறது, அமத்த முடியவில்லை என்று. பெட்டி 576இல் இருந்திருக்கிறது. 1080க்கு மாற்றியதும் திறந்துவிட்டது.

இன்னும் இரண்டு பேருக்கு ஒரே பிரச்சினை, இரவில் படம் தானாக இருட்டாகிறது. மின்சாரச் சேமிப்பு மெனுவைப் பாருங்கள். அறை வெளிச்சத்தை அளந்து பேக்லைட்டைக் குறைக்கும் வசதி ஒன்று அதற்குள் இருக்கும். அதை நிறுத்திவிட்டு, இரவுக்கு நீங்களே ஒரு பேக்லைட் அளவு வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் பகலுக்கு 80, விளக்கணைத்த பிறகு 35.