கனவைக் கேட்டு எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் முதுகலை உளவியல் மாணவிகள் மூவர், தங்கள் ஆய்வுக்காகத் திரட்டிய கனவுப் பதிவேடுகளை என் மேசைமேல் வைத்துவிட்டுச் சென்றார்கள். அவற்றைப் புரட்டப் புரட்ட, பல ஆண்டுகளுக்கு முன் நான் எழுதி அடுக்கிய நோட்டுகளையே மீண்டும் படிப்பதுபோல் இருந்தது. கையெழுத்து மட்டுமே வேறு. தவறுகள் அனைத்தும் என்னுடையவை. தலைமாட்டில் நோட்டும் பேனாவும் இருக்க வேண்டும், தேதியும் நேரமும் குறிக்க வேண்டும் என்பன போன்றவை எந்தக் கையேட்டிலும் கிடைக்கும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். நல்ல மாணவர்களும் அறியாமல் செய்கிற தவறுகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஒன்றை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். உறங்கியவர் கண்டது ஒன்று. விழித்தபோது அவர் நினைவில் தங்கியது அதில் ஒரு பகுதி. அவர் வாய்விட்டுச் சொன்னது அதிலும் குறைவு. நாம் எழுதிக்கொண்டது நான்காவது. நம் கையில் இருப்பது எப்போதும் இந்த நான்காவதுதான். முதல் மூன்றில் நேரும் இழப்பை நம்மால் முழுவதும் தடுக்க முடியாது. நான்காவதில் நேரும் இழப்புக்கு நாமே பொறுப்பு.

விழித்ததும் புரண்டு படுப்பது

விழித்த அதே கிடையில், கண்ணைத் திறக்காமல், கடைசியாக மனத்தில் நின்ற காட்சியிலிருந்து பின்னோக்கி நினைக்கச் சொல்லுங்கள். கைபேசியை எடுத்துப் பார்த்தவரிடம் அன்றைக்குக் கேட்க எதுவும் மிஞ்சியிருக்காது.

இரவின் முற்பகுதியில் எழுப்பிவிட்டு ஏமாறுவது

உறக்கம் ஏறத்தாழ 90 நிமிடச் சுற்றுகளாக நடக்கிறது. கண்கள் இமைக்குள் விரைந்து அசையும் ரெம் உறக்கம் முதல் சுற்றில் சில நிமிடங்களே நீடிக்கும். விடியலை நெருங்க நெருங்க அது அரை மணி நேரம் வரைகூட நீளும். ஆகவே ஒருவரை ஒருமுறைதான் எழுப்ப முடியும் என்றால், அது விடியற்காலை ஐந்து மணியாக இருக்கட்டும். மது அருந்தியிருந்தாலும், மனச்சோர்வுக்கான மாத்திரைகள் பலவற்றை உட்கொண்டிருந்தாலும் ரெம் உறக்கம் குறையும் என்பதால், அதையும் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். ஆய்வுக்காக மாத்திரையை இரண்டு நாள் நிறுத்திப் பார்க்கச் சொல்வது மன்னிக்க முடியாத செயல்; அப்படிச் சொன்ன ஒரு மாணவரை நான் ஆய்விலிருந்து விலக்கியிருக்கிறேன்.

கேள்விக்குள்ளேயே விடையை வைத்துக் கேட்பது

இந்த ஒரு தவறு என் எட்டு மாத உழைப்பைப் பாழாக்கியது. இன்றும் யாராவது இதைச் செய்வதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

‘என்ன கனவு கண்டீர்கள்?’ என்று கேட்பதில் என்ன பிழை என்று தோன்றலாம். ‘கனவு’ என்ற சொல்லே ஒரு சல்லடை என்பதுதான் பிழை. நம் வழக்கில் கனவு என்றால் அதில் ஆட்கள் இருக்க வேண்டும், ஏதாவது நடக்க வேண்டும், சொல்லத்தக்க ஒரு வியப்போ அச்சமோ இருக்க வேண்டும். விடுதியின் உணவுக் கட்டணத்தை இன்னும் கட்டவில்லை என்ற எண்ணம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தவரும், ஒரு மாடிப்படியின் நடுவில் வெறுமனே நின்றுகொண்டிருந்தவரும் ‘கனவு எதுவும் வரல’ என்றுதான் பதில் சொல்வார்கள். நாமும் ‘இல்லை’ என்று குறித்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவோம்.

பெரிய ஆய்வகங்களும் இந்தச் சல்லடையில் சிக்கியிருக்கின்றன. 1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கியும் நதானியேல் கிளைட்மனும் ரெம் உறக்கத்தைப் பற்றி அறிவித்தார்கள். 1957இல் வில்லியம் டிமென்ட்டும் கிளைட்மனும் வெளியிட்ட ஆய்வில், ரெம் உறக்கத்திலிருந்து எழுப்பப்பட்ட 191 முறைகளில் 152 முறை கனவு நினைவிருந்தது. மற்ற உறக்கத்திலிருந்து எழுப்பிய 160 முறைகளில் 11 முறை மட்டுமே நினைவிருந்தது. ஓரளவு கோவையாகவும் விவரமாகவும் சொல்லப்பட்டதை மட்டுமே அவர்கள் கனவு என்று கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். ரெம் உறக்கத்தில் மட்டுமே மனம் இயங்குகிறது, மற்ற நேரமெல்லாம் வெறுமை என்ற எண்ணம் இந்த எண்களால் வேரூன்றியது. அதே சிகாகோவில் ஆய்வு செய்த டேவிட் ஃபோல்க்ஸ், கனவு கண்டீர்களா என்பதோடு நிறுத்தாமல், எழுப்பப்படும் முன் மனத்தில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று கேட்டார். 1962இல் அவர் வெளியிட்ட முடிவில், ரெம் அல்லாத உறக்கத்திலிருந்து எழுப்பப்பட்டவர்களும் பாதிக்கும் மேற்பட்ட முறைகளில் ஏதோ ஒன்றைச் சொன்னார்கள். உறங்கியவர்களின் மூளை அந்த ஐந்து ஆண்டுகளில் மாறிவிடவில்லை. கேள்வியும் கணக்கிடும் அளவுகோலும்தான் மாறியிருந்தன.

இதையெல்லாம் பாடமாகப் படித்து, தேர்விலும் எழுதிய பிறகுதான் நான் அதே தவறைச் செய்தேன். பெண்கள் விடுதி ஒன்றில் எட்டு மாதங்கள் விடியற்காலையில் கதவைத் தட்டி எழுப்பி, முந்நூறுக்கும் மேற்பட்ட அறிக்கைகளைத் திரட்டினேன். நானே தயாரித்த படிவம் ஒன்று கையில் இருக்கும். யார் வந்தார்கள், எங்கே நடந்தது, என்ன உணர்ந்தீர்கள், எப்படி முடிந்தது என்று நான்கு கட்டங்கள். எந்தக் கட்டமும் காலியாக இல்லாததைப் பார்த்து நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். என் நெறியாளர் ஒருநாள் ஒலிநாடா ஒன்றை ஓடவிட்டுக் கேட்டார். ‘யார் வந்தாங்க?’ என்று என் குரல் கேட்கிறது. பதில் இல்லை, மின்விசிறியின் ஓசை மட்டும் நெடுநேரம் கேட்கிறது. பிறகு, தூக்கம் கலையாத குரலில், ‘அம்மா மாதிரி…’ என்கிறாள் அந்தப் பெண். ‘அம்மாவா?’ என்று நான் விரைந்து கேட்கிறேன். ‘ம்… அம்மாதான்னு நினைக்கிறேன் அக்கா.’ படிவத்தில் நான் எழுதியிருந்தது ஒரே சொல்: அம்மா.

நெறியாளர் ஒலிநாடாவை நிறுத்திவிட்டு, இந்த அம்மாவைக் கனவுக்குள் கொண்டுவந்தது அந்தப் பெண்ணா, நீயா என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

இழப்பு அதோடு நிற்கவில்லை. கால்வின் ஹாலும் ராபர்ட் வான் டி காசிலும் 1966இல் வெளியிட்ட முறைப்படி என் அறிக்கைகளைப் பகுத்து எண்ணுவதாகத் திட்டமிட்டிருந்தேன். அம்முறை கனவில் வரும் ஆட்களையும் இடங்களையும் உணர்ச்சிகளையும் செயல்களையும் எண்ணுவது. அதன் ஒப்பீட்டு அளவு, அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் நூறு பேரும் மாணவியர் நூறு பேரும் ஆளுக்கு ஐந்தாகக் கொடுத்த 1,000 கனவுகளிலிருந்து வந்தது. அவை கனவு கண்டவர்களிடமிருந்து எழுத்தில் பெறப்பட்டவை. அரைத் தூக்கத்தில் இருப்பவரைக் குறுக்குக் கேள்விகளால் துளைத்துப் பெற்றவை அல்ல. எதை எண்ணப்போகிறேனோ அதையே நான் கேட்டுக் கேட்டு வரவழைத்திருந்தேன். தமிழ்ப் பெண்களின் கனவுகளில் குடும்பத்தினர் அமெரிக்க மாணவியரின் கனவுகளைவிட அதிகம் வருகிறார்கள் என்ற முடிவை நான் எழுதியே முடித்திருந்தேன். கேட்பதற்கு எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது பாருங்கள். அந்தப் பொருத்தமே என்னை எச்சரித்திருக்க வேண்டும். முந்நூறு அறிக்கைகளையும் ஒதுக்கிவைத்தோம். ஒரு கணக்கைத் தவறாகப் போட்டால் திரும்பப் போடலாம். போன விடியற்காலையின் கனவை யாரிடமும் திரும்பக் கேட்க முடியாது.

சென்ற மாதம் வந்த பதிவேடுகளில் ஒன்று இப்படி இருந்தது: ‘பாம்பு துரத்தியது. பயம்.’ கைபேசியில் பதிவான குரலைக் கேட்டு, சொல்லுக்குச் சொல் எழுதிவரும்படி அந்த மாணவியிடம் சொன்னேன். அவர் எழுதி வந்தது இது: ‘தரையில நீளமா ஏதோ… கயிறு மாதிரி… இல்ல, அது அசையுது… நான் ஓடல, நின்னுட்டுதான் இருந்தேன்… பின்னாடி யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு.’ இந்தப் பேச்சில் பாம்பு என்ற சொல் இல்லை. துரத்தல் இல்லை. பயம் என்று அவர் சொல்லவும் இல்லை. ‘பாம்பா?’ என்று மாணவி கேட்டதும், ‘இருக்கலாம்’ என்ற பதிலும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. நின்றுகொண்டிருந்ததும், பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டதும் பதிவேட்டுக்கு வந்து சேரவே இல்லை.

செய்ய வேண்டியது எளிது, கடைப்பிடிப்பதுதான் கடினம். ‘விழிக்கிறதுக்கு முன்னாடி மனசுல என்ன ஓடிக்கிட்டிருந்தது?’ என்று ஒரே கேள்வி கேளுங்கள். பிறகு பேசாமல் இருங்கள். அந்த மௌனம் உங்களுக்குத்தான் நீளமாகத் தோன்றும். உறக்கத்திலிருந்து மேலேறி வருபவருக்கு அது தேவை. அவர் முடித்த பின் ‘வேற ஏதாவது இருக்கா?’ என்று ஒரேயொரு முறை கேட்கலாம். ஆட்களையும் இடத்தையும் பற்றிய கேள்விகள் தேவையென்றால், அவை தனித் தாளில், தன்னிச்சையாகச் சொன்னதோடு கலக்காமல், ‘தெரியவில்லை’ என்ற விடைக்கும் சம இடம் தந்து கேட்கப்பட வேண்டும். ‘மாதிரி’, ‘ஏதோ’, ‘இல்ல, அப்படி இல்ல’ ஆகியவற்றை அழிக்கக் கூடாது. ஒருவருடைய முகமும் வேறொருவர் என்ற உறுதியும் சேர்ந்தே ஓர் ஆள் தோன்றுவது கனவின் இயல்பு. அந்த இயல்பு தெரிவது ‘மாதிரி’ என்ற ஒரு சொல்லில்தான்.

‘கனவு இல்லை’ என்ற பதிலையும் அப்படியே எழுதிவிடக் கூடாது. எதுவுமே ஓடவில்லை என்பது வேறு. ஏதோ ஓடியது, ஆனால் என்னவென்று பிடிபடவில்லை என்பது வேறு. பிரான்செஸ்கா சிக்லாரியும் ஜூலியோ டொனோனியும் அவர்களுடைய குழுவினரும் 2017இல் வெளியிட்ட ஆய்வில் இவ்விரண்டையும் தனித்தனியாகவே பதிந்தார்கள். அவ்வாறு பிரித்ததால்தான், அனுபவம் இருந்த நேரங்களில் மூளையின் பின்பகுதியில் மெதுவான அலைகள் குறைந்திருந்ததை, உள்ளடக்கம் நினைவில் நிற்காத நேரங்களிலும் அவர்களால் காண முடிந்தது. என் பழைய படிவத்தில் இரண்டுக்கும் ஒரே கட்டம்தான் இருந்தது.

மறுநாள் மாலையில் கேட்பது

நேரம் ஆக ஆக, கண்டது மங்கி, கனவு எப்படி இருக்க வேண்டும் என்று நாம் நம்புகிறோமோ அந்த நம்பிக்கை மேலோங்கும். 1942இல் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் வினாத்தாள் கொடுத்துக் கேட்டபோது, ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் கனவில் நிறங்களை அரிதாகவே கண்டதாகவோ கண்டதே இல்லை என்றோ எழுதினார்கள். அறுபது ஆண்டுகள் கழித்து எரிக் ஷ்விட்ஸ்கேபெல் அதே கேள்வியைக் கேட்டபோது, அப்படி எழுதியவர்கள் 20 விழுக்காட்டுக்கும் குறைவு. இடைப்பட்ட காலத்தில் திரைப்படமும் தொலைக்காட்சியும் கறுப்பு வெள்ளையிலிருந்து வண்ணத்துக்கு மாறியிருந்தன. மாறியது கனவா, கனவைப் பற்றிய கருத்தா என்று அவர் எழுப்பிய ஐயம் நியாயமானது.

கனவு சில நொடிகளில் முடிந்துவிடும் என்ற நம்பிக்கையும் இப்படித்தான் பரவியது. கட்டிலின் சட்டம் கழுத்தில் விழுந்த கணத்தில், பிரெஞ்சுப் புரட்சியில் தனக்குத் தலை வெட்டப்படும் நெடுங்கனவு முழுவதையும் கண்டதாக ஆல்ஃபிரட் மோரி 19ஆம் நூற்றாண்டில் எழுதினார். அதை அவர் எழுதியது நிகழ்ந்து பல ஆண்டுகளுக்குப் பின். ரெம் உறக்கம் தொடங்கி 5 நிமிடத்திலோ 15 நிமிடத்திலோ எழுப்பி, எவ்வளவு நேரம் கனவு கண்டீர்கள் என்று டிமென்ட்டும் கிளைட்மனும் அங்கேயே கேட்டபோது, பெரும்பாலும் சரியான விடையே வந்தது.

கனவுப் பலன்

பதிவு முடியும் வரை பலனைப் பற்றி ஒரு சொல்லும் பேசக் கூடாது.

சொல்லாமல் விட்டதை இல்லை என்று எண்ணுவது

சிலப்பதிகாரத்தில் கண்ணகி தன் தீக்கனவைத் தேவந்தியிடம் சொல்லி வரும்போது, கணவனோடு தான் பின்னர் அடைந்த நிலையைக் கேட்டால் உனக்கு நகைப்பாக இருக்கும் என்று அந்தப் பகுதியை விரிக்காமல் விட்டுவிடுகிறாள். இன்றும் அவ்வாறே விடுகிறார்கள். காமம், இறந்தவர்கள், பெற்றோர்மேல் வந்த சினம் ஆகியவை முதலில் மறைகின்றன. வற்புறுத்தக் கூடாது. ‘சொல்ல விரும்பாத பகுதி உண்டு’ என்று குறிக்க ஒரு கட்டம் வைத்தால் போதும். பதிவேட்டில் பெயருக்குப் பதில் எண் இருக்கட்டும். எந்த எண் யாருடையது என்னும் தாள் வேறு அலமாரியில் பூட்டி இருக்கட்டும்.

கை கால் வீசி எழுபவரின் கனவை மட்டும் எழுதிக்கொள்வது

மூவரில் ஒருவர், தம் உறவினரான அறுபது வயதைக் கடந்த ஒருவரிடமிருந்து மிக விவரமான கனவு ஒன்றைப் பதிந்து வந்திருந்தார். வயலுக்குள் வந்த மாட்டை விரட்டுகிறார். விரட்டும்போது உண்மையிலேயே உதைத்து, பக்கத்துச் சுவரில் காலை அடித்துக்கொண்டு விழிக்கிறார். ஆண்டுக்கணக்கில் இப்படி நடப்பதாக அவர் மனைவி சொன்னதும் பதிவில் இருந்தது. ரெம் உறக்கத்தில் உடலின் தசைகள் தளர்ந்து செயலற்றிருக்க வேண்டும். அந்தத் தடை குலைந்து, கனவில் செய்வதை உடலும் செய்யும் நோயைக் கார்லோஸ் ஷெங்க்கும் மார்க் மகோவால்டும் 1986இல் மின்னசோட்டாவிலிருந்து விவரித்தார்கள். இது நடுவயதைக் கடந்தவர்களுக்கு வரும்போது, பின்னாளில் பார்க்கின்சன் நோயோ அதைச் சார்ந்த நரம்பு நோயோ தோன்றுவதற்கு முன்னறிகுறியாக இருப்பது உண்டு. அதிர்ச்சியான நிகழ்வுக்குப் பின் ஒரே கொடுங்கனவு இரவுதோறும் திரும்புகிறது என்று சொல்பவர்களும் நம் நோட்டுக்கு உரியவர்கள் அல்லர். கனவின் முடிவை மாற்றி எழுதி, விழிப்பில் அதையே மனத்தில் ஒத்திகை பார்க்கும் சிகிச்சை அவர்களுக்கு உண்டு.

மாணவியிடம் பதிவேட்டை மூடச் சொல்லிவிட்டு, அந்த உறவினரை எப்போது நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லப்போகிறீர்கள் என்று கேட்டேன். அன்று மாலையே அவர் ஊருக்குப் பேருந்து ஏறினார். கட்டிலைச் சுவரை விட்டு நகர்த்திப் போட்டு, கீழே பாய் விரித்துவிட்டு, வீட்டிலிருந்தே எனக்குத் தொலைபேசியில் பேசினார்.