பெர்ஃபார்மன்ஸ் டெஸ்டிங் டூல் தேர்வு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

செயலி மெதுவாக இருக்கிறது என்று புகார் வந்ததுமே பலரும் "எந்த டூல் நல்லது?" என்று தேட ஆரம்பிக்கிறார்கள். முதல் தவறு அதுதான். மெதுவாக இருப்பது பிரவுசரிலா, சர்வரிலா, கூட்டம் கூடும் நேரத்தில் மட்டுமா என்று பிரித்துப் பார்க்காமல் டூலை எடுத்தால், நீங்கள் கேட்காத கேள்விக்குத்தான் அது பதில் சொல்லும்.

பல பயனர்கள் வருவதுபோல் சர்வருக்குக் கோரிக்கைகளை அனுப்பிச் சோதிக்கும் ஜேமீட்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். அது பிரவுசர் அல்ல. பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டாது, திரையில் எதையும் வரையாது. அதில் 200 மில்லிசெகண்டில் பதில் வந்தாலும், பயனரின் திரை சில விநாடிகள் வெறுமையாகவே இருக்கலாம். பிரவுசரில் பக்கத்தின் வேகத்தை அளக்கும் லைட்ஹவுஸ் இதற்கு நேரெதிர். ஒரே ஒரு முறை பக்கத்தை ஏற்றிப் பார்த்து மதிப்பெண் தருகிறது. ஆயிரம் பேர் ஒன்றாக வந்தால் சர்வர் என்ன ஆகும் என்பது அதற்குத் தெரியாது. 2024 மார்ச்சில் எஃப்ஐடி (பயனரின் முதல் தொடுகைக்கான தாமதம்) அளவீட்டுக்குப் பதிலாக வந்த ஐஎன்பி (பயனரின் தொடுகைகளுக்குப் பக்கம் எவ்வளவு வேகமாகப் பதில் தருகிறது என்பது) அளவீடும் இப்படிப் பக்கத்தை ஏற்றிப் பார்ப்பதில் கிடைக்காது. பயனர் பக்கத்தைத் தொட்டுப் பயன்படுத்தினால்தான் அது பிறக்கும்.

அடுத்தது, அதிகம் பேர் கவனிக்காதது, என் பார்வையில் மிகவும் ஆபத்தானது. பல டூல்கள் ஒரு கோரிக்கைக்குப் பதில் வந்த பிறகுதான் அடுத்ததை அனுப்பும். ஒரே இணைப்பில், 10 மில்லிசெகண்டுக்கு ஒரு பதில் என்று 90 விநாடி ஓடுகிறது. அப்புறம் சர்வர் 10 விநாடி உறைந்துவிடுகிறது என்று வையுங்கள். டூலின் கணக்கில் 9,000 வேகமான கோரிக்கைகள், ஒரே ஒரு மெதுவான கோரிக்கை. பி99 (நூற்றில் 99 கோரிக்கைகள் முடிந்துவிடும் நேர எல்லை) அழகாக 10 மில்லிசெகண்ட் என்று காட்டும். ஆனால் நிஜப் பயனர்கள் சர்வருக்காகக் காத்திருந்துவிட்டு வருவதில்லை. அந்த 10 விநாடியிலும் விநாடிக்கு 100 பேர் வந்துகொண்டே இருப்பார்கள். 1,000 பேர் மாட்டிக்கொள்வார்கள், பி99 9 விநாடியைத் தொடும். காத்திருப்புகள் கணக்கிலேயே வராமல் போகும் இந்தத் தவறுக்கு கில் டெனே என்ற பொறியாளர் கோஆர்டினேட்டட் ஒமிஷன் என்று பெயர் வைத்தார். இதைச் சரிசெய்யவே டபிள்யூஆர்கே2 என்ற டூலை எழுதினார். பதிலுக்குக் காத்திராமல் கோரிக்கைகளை அனுப்பிக்கொண்டே இருக்க, கே6 டூலில் கான்ஸ்டன்ட் அரைவல் ரேட், கேட்லிங் டூலில் ஓப்பன் மாடல் என்று வழி இருக்கிறது. உங்கள் டூலில் இந்த வசதி உண்டா என்று தேர்ந்தெடுக்கும் முன்பே பாருங்கள். சராசரியை மட்டும் காட்டும் டூல் என்றால் தயங்காமல் ஒதுக்கிவிடலாம்.

ஜேமீட்டரை ஜியூஐ-யில் (பட்டன்கள் உள்ள அதன் திரையில்) வைத்து லோட் (சோதனைச் சுமை) கொடுக்காதீர்கள். அதன் ஆவணமே கமாண்ட் லைனைத்தான் சொல்கிறது. லோட் கொடுக்கும் டூலும் செயலியும் ஒரே மெஷினில் இருந்தால், இரண்டும் ஒரே சிபியூவுக்குப் போட்டி போடும்.

கோடின் எந்தப் பகுதி நேரத்தைத் தின்கிறது என்று காட்டும் ப்ரொஃபைலரிலும் இதே கதைதான். சிபியூ ப்ரொஃபைலரை ஓட்டிவிட்டு "கோடில் குறையே இல்லை" என்று முடிவுகட்டுபவர்கள் உண்டு. டேட்டாபேஸ் பதிலுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் சிபியூ சும்மா இருக்கிறது. அந்த நேரம், ப்ரொஃபைலர் முடிவைப் படமாகக் காட்டும் ஃப்ளேம் கிராஃபில் தெரியவே தெரியாது. அதற்கு, காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து அளக்கும் வால் கிளாக் ப்ரொஃபைலிங் வேண்டும். ஜாவாவில் அசிங்க் ப்ரொஃபைலர் அதைச் செய்யும். பைதானின் சிப்ரொஃபைல் ஒவ்வொரு ஃபங்ஷன் அழைப்பையும் பதிவு செய்வதால், சின்னச் சின்ன ஃபங்ஷன்கள் நிறைந்த கோடில் அதன் சொந்தச் சுமையே முடிவைக் கோணலாக்கும். ப்ரொடக்‌ஷனில் ஓடும் ப்ராசஸைப் பார்க்க, வெளியிலிருந்தே சாம்பிள் எடுக்கும் பை-ஸ்பை பொருத்தமானது. செயலியை மறுபடி தொடங்கவோ கோடைத் தொடவோ வேண்டியதில்லை.