கொச்சி மெரினாவிலிருந்து பாய்மரப் படகை எடுப்பதும் திரும்பக் கொண்டுவருவதும்

மெரினா என்றதும் சுண்டல் நினைவுக்கு வந்தால் தப்பில்லை. நான் சொல்வது கொச்சி போல்காட்டித் தீவிலுள்ள படகுத்துறையை. முதன்முறையாக நீங்களே சுக்கான் பிடிக்கப்போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஜூன் முதல் செப்டம்பர் வரை பருவமழைக் காலம். அப்போது இதைப் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

1. முந்தின நாள்

இன்காய்ஸ் (இந்தியக் கடல் தகவல் சேவை மையம்) வெளியிடும் அலை முன்னறிவிப்பையும் ஓத அட்டவணையையும் பாருங்கள். இங்கே ஓதம் ஏறி இறங்குவது சுமார் ஒரு மீட்டர்தான். அதைப் பார்த்து ஏமாறக்கூடாது. காயல் நீரில் பெரும்பங்கு ஃபோர்ட் கொச்சிக்கும் வைப்பினுக்கும் நடுவிலுள்ள குறுகிய வாய் வழியாகவே போய்வருவதால் இழுப்பு பலமாக இருக்கும். மதியத்துக்கு மேல் கடற்காற்று எதிரே வரும். வெளியே ஓடும் வத்தமும் உள்ளே வரும் காற்றும் மோதினால் அலை செங்குத்தாக எழும்பி நிற்கும். காலை வத்தத்தில் வெளியே போய், மாலை ஏத்தத்தில் திரும்புகிற மாதிரி நாள் பாருங்கள். (வத்தம் என்றால் இறங்கும் ஓதம், ஏத்தம் என்றால் ஏறும் ஓதம். இரண்டும் தோப்பும்படியில் தொழில் செய்யும் தூத்தூர்ப் பக்கத்து மீனவர்களிடம் கற்ற சொற்கள்.)

2. கயிறு அவிழ்க்கும் முன்

எஞ்சினை ஓடவிட்டுப் புகைக்குழாயில் தண்ணீர் விட்டுவிட்டுத் துப்புகிறதா என்று பாருங்கள். ஒருமுறை நான் பார்க்காமல் கிளம்பிவிட்டேன். கப்பல் போகும் வாய்க்காலின் நடுவில் எஞ்சினின் சத்தம் மாறியது. எட்டிப் பார்த்தால் குழாயில் வெறும் ஆவி. தண்ணீர் உறிஞ்சும் துளையை ஆகாயத்தாமரை வேர் அடைத்திருந்தது. அதைப் பிடுங்கி முடிப்பதற்குள் படகு ஒரு சீனவலையை நோக்கி நகர ஆரம்பித்திருந்தது. அன்றிலிருந்து நங்கூரத்தை அவிழ்த்துத் தயாராக வைக்காமல் கிளம்புவதில்லை.

அப்புறம், கியர் போடாமல் ஒரு நிமிடம் சும்மா நில்லுங்கள். எந்தக் கயிறு விறைக்கிறது, எது தொய்கிறது? படகு எந்தப் பக்கம் போக நினைக்கிறது என்பதை அதுவே சொல்லிவிடும். தொய்ந்ததை முதலில் எடுங்கள், விறைத்ததைக் கடைசியில்.

3. வெளியே போகும்போது

மாஸ்ட் (பாய் கட்டும் உயரமான மரம்) இடிக்கும் என்பதால் கோஸ்ரீ பாலங்கள் பக்கம் போகவேண்டாம். தெற்கே சுற்றி வாருங்கள். வாய்க்காலில் வலது ஓரமாகவே போங்கள். கடலை நோக்கிப் போகும்போது சிவப்பு மிதவை வலப்புறம், பச்சை இடப்புறம், திரும்பும்போது மாறும். வாயில் வண்டிகளை ஏற்றிச்செல்லும் ரோ-ரோ படகுகள் குறுக்கே போய்வரும். ஒன்றின் பின்பக்கமாகக் கடப்பதே நல்லது. வல்லார்பாடத்துக்குக் கண்டெய்னர் கப்பல் வந்தால் நீங்கள்தான் ஒதுங்கவேண்டும், கப்பலால் சட்டென்று நிற்க முடியாது. விஎச்எஃப் ரேடியோவில் அவசர அழைப்புக்கான 16-ஆம் சேனல் காதில் விழுந்துகொண்டே இருக்கட்டும். பாய் ஏற்றுவது வாயைத் தாண்டி, இடம் அகலமான பிறகு, முன்முனையைக் காற்றுக்கு நேராக வைத்து.

4. திரும்பும்போது

பாயை வாய்க்கு வெளியிலேயே இறக்கிக் கட்டிவிடுங்கள். மெரினாவை நெருங்கும் முன்பே ஃபெண்டர் (படகு உரசாமல் காக்கும் மெத்தை) தொங்கவேண்டும், கயிறு தயாராக இருக்கவேண்டும். மெரினாவை அழைத்து எந்த இடம் என்று கேளுங்கள். நீரோட்டத்தை எதிர்த்தபடி, ஆள் நடக்கும் வேகத்தைவிட மெதுவாக நுழையுங்கள். கோணம் சரியில்லையா? கூச்சப்படாமல் வெளியே போய் மறுபடி வாருங்கள். நான் மூன்று தடவை சுற்றிய நாளும் உண்டு, பக்கத்துப் படகில் டீ குடித்துக்கொண்டே வேடிக்கை பார்த்தார்கள்.

யாரும் படகிலிருந்து படகுத்துறை மேடைக்குத் தாவக்கூடாது, காலை நீட்டித் தள்ளவும் கூடாது. படகின் எடைக்கு முன்னால் கால் எலும்பு ஒன்றுமில்லை. படகு மேடையைத் தொட்டதும் நடுக்கயிற்றை முதலில் கட்டுங்கள். மற்றவற்றையும் கட்டிய பிறகே எஞ்சினை நிறுத்துங்கள்.