ரெசின் பிரிண்டரில் முதல் பல் மாடல் எடுப்பது எப்படி?

மார்த்தாண்டத்திலோ தக்கலையிலோ புதிதாகக் கிளினிக் தொடங்கியிருக்கும் பல் மருத்துவர்களுக்காக எழுதுகிறேன். திரவ ரெசினை ஒளியால் அடுக்கடுக்காக இறுக்கி உருவம் எடுக்கும் இந்தப் பிரிண்டர் வந்ததும் கேப், இம்ப்ளான்ட் கைடு (செயற்கைப் பல் வேர் பதிக்க வழிகாட்டும் அச்சு) என்று பாயாதீர்கள். கீழ்த்தாடை மாடல் ஒன்றைச் சரியாக எடுத்துப் பழகுங்கள். இதற்கு சிபிசிடி (தாடையின் முப்பரிமாண எக்ஸ்ரே) வேண்டாம். எலும்பும் நரம்பும் பார்க்க வேண்டிய வேலைக்குத்தான் அது.

முதலில், வாய்க்குள் விடும் ஸ்கேனரால் பற்களை ஸ்கேன் செய்வது. பாதி வேலை இதுதான். நாற்காலி விளக்கை அணைத்துவிட்டு, பற்களை ஏர் விட்டு உலர்த்துங்கள். கடைசிக் கடைவாய்ப்பல்லில் தொடங்கி, மெல்லும் பரப்பு வழியாக மறுகோடி வரை போங்கள். திரும்பும்போது நாக்குப் பக்கம், அப்புறம் கன்னப் பக்கம். நடுவில் தாவினால் மென்பொருள் படங்களைத் தப்பாக ஒட்டிவிடும். கடைசிப் பல்லின் பின்னால் தேங்கும் எச்சில் திரையில் வழவழப்பான மேடாகத் தெரியும். பல்லின் விளிம்பு அதற்குள் மறைந்திருக்கும். அந்த இடத்தை மட்டும் அழித்து, உலர்த்தி, மறுபடி எடுங்கள்.

கோப்பை எஸ்டிஎல் (முப்பரிமாண உருவத்தைச் சேமிக்கும் கோப்பு வகை) ஆகச் சேமித்து, அடித்தளம் சேர்த்து, உள்ளே குடையுங்கள். சுவர் 2 முதல் 3 மி.மீ. இருக்கட்டும். ரெசின் வடியத் துளை கட்டாயம். அடுக்கு 50 மைக்ரான் போதும், 20 மி.மீ. உயரத்துக்கு 400 அடுக்கு வரும். நடுவில் கரண்ட் போனால் அச்சு கெடும், யுபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள்.

அடுத்தது கழுவுதல். அவசரப்பட்டால் எல்லாம் கெடுவது இங்கேதான். நைட்ரைல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இறுகாத ரெசின் தோலில் ஒவ்வாமை உண்டாக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் மூன்று நிமிடம், பிறகு புதிய ஆல்கஹாலில் இரண்டு நிமிடம் கழுவுங்கள். ஊறப்போட்டால் மாடல் உப்பும். நமக்கு ஆடியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. திறந்து வைத்த ஆல்கஹால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், மாடலில் வெள்ளை பூக்கும். வேலை முடிந்ததும் மூடி வையுங்கள். பழைய ஆல்கஹாலைச் சிங்க்கில் கொட்டவே கூடாது.

முழுக்க உலர்ந்த பிறகே, மாடலை ஒளியால் முழுதாக இறுக்கும் யுவி பெட்டிக்குள் வையுங்கள். நேரம் ரெசின் பாட்டிலில் சொன்னபடி. மாடல் ரெசினில் அச்சடித்த எதையும் நோயாளியின் வாய்க்குள் வைக்காதீர்கள். அதற்கென்று சான்று பெற்ற ரெசின் தனியாக உண்டு.

கடைசியாக, இரு பக்கக் கடைவாய்ப்பற்களின் முனைகளுக்கு இடையே வெர்னியர் வைத்து அளந்து, திரையில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அந்த மாடலை லேபுக்கு அனுப்பாதீர்கள்.