ஹாஸ்டல் கட்டிலும் இடுப்பு வலியும்

செமஸ்டர் தேர்வு நெருங்கினால் கல்லூரி மாணவர்கள் பலருக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். பழியை கனமான பையின் மேல் போடுகிறோம். என்னைக் கேட்டால், முதலில் பார்க்க வேண்டியது கட்டிலைத்தான். சுவரில் தலையணையைச் சாய்த்து, காலை நீட்டி, மடியில் லேப்டாப் வைத்துப் படிக்கும்போது இடுப்பெலும்பு பின்னால் சரிகிறது. கீழ்முதுகின் இயல்பான வளைவு தட்டையாகி, முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் வட்டுகளிலும் தசைநார்களிலும் மணிக்கணக்கில் இழுவிசை விழுகிறது.

மேசை, நாற்காலிக்கு மாறுங்கள். ஒரு துண்டைச் சுருட்டி பெல்ட் போடும் இடத்துக்குச் சற்று மேலே முதுகுக்கும் நாற்காலிக்கும் நடுவில் வையுங்கள். பாதம் தரையில் முழுசாகப் பதியட்டும். லேப்டாப்புக்கு அடியில் நாலு தடிப் புத்தகம், தனியாக ஒரு கீபோர்டு, அவ்வளவுதான். எவ்வளவு நன்றாக உட்கார்ந்தாலும் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து தண்ணீர் பிடித்து வாருங்கள். அசையாமல் இருப்பதே பெரிய தொல்லை.

தூக்கக் குறைவு, தேர்வு பயம், சிகரெட், உடற்பயிற்சியே இல்லாதது, இவையும் வலியோடு தொடர்புள்ளவை.

வலி வந்துவிட்டதா? படுத்தே கிடக்காதீர்கள். மெதுவாக நடங்கள், வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும். ஆனால் கால் பலமிழந்தாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினாலோ தேர்வைக்கூடப் பார்க்காமல் அன்றே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.