ரத்தக்குழாயைத் தடுக்கும் கேன்சர் மருந்துகள்: எங்கே சறுக்குகிறோம்?

கட்டிக்கு ரத்தம் போகாமல் தடுத்தால் அது பட்டினியில் செத்துவிடும் என்று சொன்னால் யாருக்கும் சட்டெனப் புரியும். புதிய ரத்தக்குழாய்கள் முளைக்காவிட்டால் கட்டி ஓரிரு மில்லிமீட்டரைத் தாண்டி வளராது என்று 1971இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் சொன்னார். கருத்து சரிதான். ஆனால் இந்தச் சிகிச்சையில் நடக்கும் பல தவறுகள், பட்டினிக் கதையை அப்படியே நம்புவதால் வருபவை.

முதல் தவறு, முழுக் குணத்தை எதிர்பார்ப்பது. 2004இல் பெருங்குடல் கேன்சருக்கு இந்த வகை மருந்தான பெவசிஸுமாப் அனுமதி பெற்றபோது, அதன் அடிப்படையான ஆய்வில் கீமோவோடு இதைச் சேர்த்தவர்களின் சராசரி ஆயுள் 15.6 மாதங்களிலிருந்து 20.3 மாதங்களாகக் கூடியிருந்தது. பரவிவிட்ட நோயில் அது பெரிய விஷயம், ஆனால் குணம் இல்லை. "கீமோ வேண்டாம், இதை மட்டும் போடுங்கள்" என்று கேட்பதும் அங்கே பலிக்காது. தாறுமாறாக வளர்ந்து கசியும் குழாய்களை இந்த மருந்து ஓரளவு ஒழுங்காக்குவதால்தான் கீமோ கட்டிக்குள் நன்றாகப் போகிறது என்பது கேன்சர் ஆராய்ச்சியாளர் ராகேஷ் ஜெயின் தந்த விளக்கம். சீக்கிரம் தொடங்கினால் நல்லது என்ற கணக்கும் பொய்த்தது. பெருங்குடல் கட்டியை அகற்றியபின், நோய் திரும்பாமலிருக்க இதைக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வுகளில் பலன் கிடைக்கவில்லை.

அடுத்தது பிரஷர். இந்த மருந்துகள் தடுக்கும் விஇஜிஎஃப் என்ற புரதம் நம் நல்ல ரத்தக்குழாய்களுக்கும் தேவை. அதனால் பிரஷர் ஏறுவது எதிர்பார்த்த ஒன்றே. சிலர் பயந்து மருந்தைத் தாங்களாகவே நிறுத்துகிறார்கள், சிலர் நிறுத்திவிடுவார்களோ என்று டாக்டரிடம் மறைக்கிறார்கள். இரண்டுமே வேண்டாம். பெரும்பாலும் பிரஷர் மாத்திரை சேர்த்தே சிகிச்சையைத் தொடர முடியும். வீட்டில் பார்த்த அளவுகளை நோட்டில் எழுதிக் கொண்டு போங்கள். சிறுநீரில் புரதம் போகிறதா என்ற பரிசோதனையையும் தட்டிக் கழிக்காதீர்கள்.

என்னைக் கேட்டால், இருப்பதிலேயே ஆபத்தான தவறு அறுவை சிகிச்சை விஷயத்தில்தான். காயம் ஆறவும் புதிய ரத்தக்குழாய்கள் வேண்டும். பெவசிஸுமாப் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் 20 நாள் ஆகிறது. ஆகவே, திட்டமிட்ட அறுவைக்கு முன்பு குறைந்தது 28 நாள் நிறுத்த வேண்டும். அறுவைக்குப் பின்னும் 28 நாள் கழிந்து, காயம் முழுதாக ஆறிய பிறகே மறுபடி தொடங்குவார்கள். ஹெர்னியா, கண்புரை என்று வேறு டாக்டரிடம் போகும்போது, இந்த மருந்து போட்டுக்கொள்வதை நோயாளிகள் யாரும் அவரிடம் சொல்வதில்லை. பல் பிடுங்கப் போகும்போது கேட்கவே வேண்டாம்! தாடை எலும்பு பாதிக்கப்படக்கூடும் என்பதால் பல் டாக்டருக்கும் மருந்தின் பெயர் தெரிந்தாக வேண்டும். முடிந்தால் பல் வேலையைச் சிகிச்சை தொடங்கும் முன்பே முடித்துவிடுங்கள்.

திடீரென்று கடுமையான வயிற்று வலி வந்தால், வாயு என்று ஓமத் தண்ணீர் குடித்துக் காத்திருக்கக் கூடாது. அரிதாகக் குடலில் ஓட்டை விழுவதுண்டு. ரத்த வாந்தி, ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கொள்வது எல்லாம் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியவை.

மாத்திரைகளில் நேரம் முக்கியம். சிறுநீரகக் கேன்சருக்குத் தரும் பசோபனிப்பைச் சாப்பாட்டோடு போட்டால் ரத்தத்தில் அதன் அளவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு, அல்லது இரண்டு மணி நேரம் கழித்துத்தான் போட வேண்டும். ரெகோராஃபெனிப் என்ற இன்னொரு மாத்திரை வேறு மாதிரி, கொழுப்புக் குறைந்த உணவுக்குப் பிறகு போடுவது.

ஸ்கேனும் ஏமாற்றும். கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைக் கட்டியில் பெவசிஸுமாப் போட்டதும் ரத்தக்குழாய்க் கசிவு குறைந்து, எம்ஆர்ஐயில் பளிச்சென்று தெரிந்த பகுதி சுருங்கிவிடும். அது கட்டியே சுருங்கியதாகாது. புதிதாகக் கண்டறியப்பட்டவர்களிடம் நடந்து 2014இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகளிலும் மொத்த ஆயுள் கூடவில்லை.

அப்புறம், சுறாக் குருத்தெலும்பு. ரத்தக்குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் என்று சொல்லி விற்பதுண்டு. நுரையீரல் கேன்சரில் அதன் சாற்றை முறையாகச் சோதித்தபோது ஆயுள் கூடவில்லை. ஏற்கெனவே வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், அந்த டப்பாவையும் அடுத்த முறை டாக்டரிடம் எடுத்துப் போங்கள்.